பல் விளக்கக் கற்பிப்பது யார் வேலை?

‘பல்லு விளக்கிட்டியா?’ என்ற கேள்வி காலை நேரத்தில் செட்டிநாட்டுக் கோட்டையூரின் எந்தத் தெருவிலும் காதில் விழும். ‘விளக்கியாச்சு’ என்று பதில் வந்துவிட்டால் இட்லி தட்டுக்கு வரும். நான்கு வயதுப் பிள்ளையிடம் தலை வாரிக்கொள்ளும் பொறுப்பை யாரும் விடுவதில்லை. நகம் வெட்டும் பிளேடைக் கையில் கொடுப்பதில்லை. பிரஷை மட்டும் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததா என்று கேட்டுக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறோம். இந்த ஏற்பாட்டின் பலன் என்ன என்பதை இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நடத்திய தேசிய வாய்நல ஆய்வு காட்டியது. ஐந்து வயதுக் குழந்தைகளில் 51.9 விழுக்காட்டினருக்குச் சொத்தைப் பல் இருந்தது. 12 வயதில் 53.8 விழுக்காடு, 15 வயதில் 63.1 விழுக்காடு. ஒன்றாம் வகுப்பில் சேரும் முன்பே பாதிப் பிள்ளைகளுக்குப் பல் கெட்டிருக்கிறது என்றால், பள்ளிப் பாடத்தில் ‘தினமும் பல் துலக்க வேண்டும்’ என்று எழுதி வைப்பது காலம் கடந்த வேலை. உலக அளவிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. பால் பற்களில் சொத்தை உள்ள குழந்தைகள் 51 கோடிக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணக்கிட்டது. குழந்தைக்குச் சரியாகப் பல் விளக்கக் கற்பிப்பது எப்படி என்ற கேள்விக்குக் கடந்த நூறாண்டில் பல நாடுகள் பல விடைகளைச் சோதித்துப் பார்த்திருக்கின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: சொல்லிக் கொடுத்ததால் பல் பிழைத்ததற்குச் சான்று குறைவு, பெரியவர் ஒருவர் நாள்தோறும் கூட நின்று, சரியான பேஸ்ட்டைக் கொண்டு செய்யவைத்ததால் பிழைத்ததற்குச் சான்று நிறைய. வீட்டில் அப்படி நிற்க ஆள் இல்லாத பிள்ளைக்கு அங்கன்வாடியும் பள்ளியும் நிற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சொத்தை எப்படி உண்டாகிறது என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. பல்லின் மேல் படியும் பிசுபிசுப்பான படலத்தில் பாக்டீரியாக்கள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் அவற்றில் முக்கியமானது. நாம் தின்னும் சர்க்கரையை அவை சில நிமிடங்களிலேயே அமிலமாக்கிவிடும். படலத்தின் பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தை மெல்லத் தணித்து, இழந்த தாதுக்களைப் பல்லுக்குத் திருப்பித் தரும். கரைவதும் நிரம்புவதும் மாறி மாறி நடக்கும் இந்தக் கணக்கில் கரைவது மிஞ்சினால் குழி விழும். அதனால் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை இனிப்பு என்பதே கூடுதலாகப் பாதிக்கிறது. சுவீடனின் விபெஹோல்ம் மனநல விடுதியில் 1945 முதல் 1953 வரை நடந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. உண்பவரின் சம்மதம் பற்றிக் கவலைப்படாமல் ஒட்டும் மிட்டாயைத் தின்னக் கொடுத்த அந்த ஆய்வை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. செட்டிநாட்டுப் பலகாரத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். அதிரசத்தையும் மாவுருண்டையையும் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றால் பல்லுக்கு ஒரு தாக்குதல். அதே உருண்டைகளைப் பிள்ளை டின்னிலிருந்து மணிக்கொரு தரம் எடுத்துத் தின்றால் ஆறேழு தாக்குதல். இடையில் உமிழ்நீர் சீர்செய்ய நேரமே கிடைப்பதில்லை. தூக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடுவதால் இரவுதான் பல்லுக்கு ஆபத்தான நேரம். நம் வழக்கமோ காலையில் எழுந்ததும் விளக்குவது. இரவில் விளக்கும் பழக்கம் பெரும்பாலான வீடுகளில் வேரூன்றவில்லை. சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தையின் மேல் முன்பற்கள் கறுத்துக் கரைவதும், நாக்கும் உமிழ்நீரும் காக்கும் கீழ் முன்பற்கள் மட்டும் வெள்ளையாகத் தப்பி நிற்பதும் பல் மருத்துவர்களுக்கு அன்றாடக் காட்சி.

இதில் பிரஷின் பங்கு எவ்வளவு, பேஸ்ட்டின் பங்கு எவ்வளவு? பிரஷ் படலத்தைக் கலைக்கிறது. ஆனால் கடைவாய்ப் பல்லின் குழிக்குள்ளும் இரண்டு பற்கள் உரசி நிற்கும் இடுக்கிலும், சொத்தை அதிகம் விழும் அந்த இடங்களில்தான், பிரஷின் முடி சரியாகப் போவதில்லை. அங்கெல்லாம் எட்டுவது பேஸ்ட்டிலிருந்து கரைந்து உமிழ்நீரில் கலக்கும் ஃபுளோரைடு. அது எனாமல் கரைவதைத் தடுக்கிறது, தாதுக்கள் திரும்ப ஒட்டுவதைத் துரிதப்படுத்துகிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் கூட்டமைப்பு 2003இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 42,300 குழந்தைகளை உள்ளடக்கிய 70 சோதனைகளின் முடிவைக் கூட்டிப் பார்த்து, ஃபுளோரைடு பேஸ்ட்டால் சொத்தை சராசரியாக 24 விழுக்காடு குறைவதாகக் கண்டது. பெரியவர் மேற்பார்வையில் விளக்கிய இடங்களில் பலன் இன்னும் கூடுதல். 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவும் அதற்கு மேலும் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டுக்குத்தான் உறுதியான சான்று உண்டு. 500 அளவில் உள்ளவற்றுக்குச் சான்று தெளிவாக இல்லை. இந்திய விதிப்படி பேஸ்ட்டில் 1000 பிபிஎம்முக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது, இருக்கும் அளவை டியூபில் அச்சிட வேண்டும். ஆகவே சட்டம் அனுமதிக்கும் உச்சமும் பலன் தரும் குறைந்தபட்சமும் நம் நாட்டில் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. கடையில் ‘குழந்தைகளுக்கானது’ என்று பழ வாசனையோடும் பொம்மைப் படத்தோடும் விற்கும் டியூபின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் அளவு இதில் பாதிதான். சிலவற்றில் ஃபுளோரைடே இல்லை. பொம்மையைப் பார்த்து வாங்கும் பெற்றோர் மருந்தில்லாத மாத்திரையை வாங்கி வருகிறார்கள். மருந்து என்று சொல்வதில் மிகையில்லை: 2021இல் உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலிலேயே ஃபுளோரைடு பேஸ்ட்டைச் சேர்த்துவிட்டது.

மருந்து என்றால் அளவும் உண்டு. விளம்பரத்தில் பிரஷின் நீளம் முழுக்க அலையலையாகப் பிழியும் பேஸ்ட் குழந்தைக்குத் தேவையே இல்லை. முதல் பல் முளைத்ததிலிருந்து மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட அளவு. பிரஷின் முடிக்குள் அழுத்திப் பூசிவிட்டால் ஒரே இடத்தில் கட்டியாக விழுந்து விழுங்கப்படாமல் வாய் முழுக்கப் பரவும். விளக்கி முடித்ததும் துப்பினால் போதும், தண்ணீரால் அலசக் கூடாது என்பது நம் ஊர்க் காதுக்கு ஒவ்வாத அறிவுரை. சொம்பில் தண்ணீர் மொண்டு மூன்று தரம் கொப்பளித்து முகம் கழுவினால்தான் நமக்குப் பல் விளக்கியதாகும். ஆனால் அப்படிக் கொப்பளிக்கும்போது, காசு கொடுத்து வாங்கிய ஃபுளோரைடையும் சேர்த்துத்தான் துப்புகிறோம். காலைப் பழக்கத்தை மாற்ற மனம் வராத வீட்டில் இரவில் மட்டுமாவது நுரையைத் துப்பிவிட்டு அப்படியே படுக்கவைக்கலாம்.

எந்த முறையில் தேய்ப்பது என்ற கேள்விக்குத்தான் அதிக மை செலவாகியிருக்கிறது. அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் 1913இல் பெண்களைப் பயிற்றுவித்துப் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் காக்க அனுப்பிய ஆல்ஃபிரெட் ஃபோன்ஸ், பற்களைக் கடித்தபடி வட்ட வட்டமாகத் தேய்க்கச் சொன்னார். சார்லஸ் பாஸ் 1954இல் பிரஷை ஈறோடு 45 பாகை சாய்த்து அதிர்வு கொடுக்கச் சொன்னார். பல நாட்டுப் பல் மருத்துவச் சங்கங்களும் நிறுவனங்களும் பாடநூல்களும் சொல்லும் முறைகளை 2014இல் ஒப்பிட்டுப் பார்த்த ஆங்கில ஆய்வாளர்கள், அவற்றுக்குள் ஒற்றுமையே இல்லை என்றும், ஒன்று மற்றொன்றைவிடச் சிறந்தது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும் எழுதினார்கள். பாஸ் முறை குழந்தைக்கு வராது. நான்கு வயதுக் கை பிரஷை முஷ்டியாகப் பிடிக்கும், மணிக்கட்டைத் திருப்பாமல் முழங்கையோடு சேர்த்து முன்னும் பின்னும் இழுக்கும். அந்த வயதுக்கு அதுவே போதும், இடம் விடாமல் இழுக்குமானால். சிக்கல் இடம் விடுவதில்தான். ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் 12 வயதுப் பிள்ளைகள் விளக்குவதை வீடியோ எடுத்துப் பார்த்தபோதுகூடப் பற்களின் உட்பக்கம் பெரும்பாலும் தொடப்படாமலே போனது. பன்னிரண்டு வயதில் வராதது நான்கு வயதில் வருமா? எனவே கற்பிப்பவர் கவலைப்பட வேண்டியது கோணத்தைப் பற்றி இல்லை, வரிசையைப் பற்றி. கீழ்த்தாடை வலப்புறக் கடைவாயில் தொடங்கினால் வெளிப்பக்கமாகவே இடது கடைசி வரை, திரும்பும்போது உட்பக்கமாக, பிறகு மெல்லும் பரப்பு. அடுத்து அதேபோல மேல்தாடை. நாள்தோறும் ஒரே வரிசை. வரிசை பழகிவிட்டால் விட்டுப்போன இடம் தானாகவே தெரியும்.

யார் தேய்ப்பது என்ற கேள்வி இதைவிட முக்கியமானது. ஜப்பானிய வீடுகளில் பிள்ளை தானாக விளக்கிய பிறகு தாயோ தந்தையோ பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, இன்னொரு முறை தேய்த்து முடித்துவிடுவது வழக்கம். பிள்ளைக்கு முதல் பங்கு கிடைத்துவிடுவதால் முரண்டு குறைகிறது. பெரியவருக்கு மேல்தாடையின் உட்பக்கமும் கண்ணுக்குத் தெரிகிறது. நின்றுகொண்டே எதிரில் வைத்துத் தேய்த்தால் அது தெரியாது. மூன்று வயது வரை முழுவதும் பெரியவர் கை; மூன்று முதல் ஆறு வரை பிள்ளை முதலில், பெரியவர் பிறகு; ஆறு முதல் எட்டு வரை பிள்ளையே விளக்க, பெரியவர் கடைவாயை மட்டும் பார்த்து முடிப்பது; அதன் பிறகு வாரம் ஒரு முறை சோதனை. கைமாற்றம் இப்படிப் படிப்படியாக நடக்க வேண்டும். ஆறாம் வயதில் கைவிடாமல் இருப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் அந்த வயதில்தான், எந்தப் பால் பல்லும் விழாமல், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிறது. பல பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைத்துக்கொள்வார்கள். முளைத்து வரும் மாதங்களில் அது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்து நிற்பதால், நேராக இழுக்கும் பிரஷ் அதைத் தொடாமலே தாண்டிப் போகும். கன்னத்தின் பக்கத்திலிருந்து பிரஷைக் குறுக்காக நுழைத்தால்தான் எட்டும். பிள்ளைக் கைக்கு இது சாத்தியமில்லை. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி, அன்றாடச் செயல்களை மெதுவாக, அசைவு அசைவாகப் பிரித்து, பேச்சைக் குறைத்துச் செய்துகாட்டச் சொன்னார். பல் விளக்கக் கற்பிக்க இதைவிட நல்ல முறை பின்னர் வரவில்லை. ஆனால் அந்த முறைக்கு நேரமும் பொறுமையும் உள்ள ஓர் ஆள் நாள்தோறும் வேண்டும்.

அந்த ஆள் இல்லாமல், வகுப்பறைச் சொற்பொழிவாலும் சுவரொட்டியாலும் வேலை நடக்குமா என்பதை ஆய்வுலகம் நெடுங்காலம் சோதித்தது. எலிசபெத் கே, டேவிட் லாக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1990களில் வாய்நலக் கல்வி பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பிள்ளைகளின் அறிவு கூடியது. படலம் கொஞ்ச நாள் குறைந்து மறுபடி பழைய நிலைக்கு வந்தது. ஃபுளோரைடு கையில் சேராத இடங்களில் சொத்தை குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. தொடக்கப் பள்ளிகளில் நடந்த பழக்கப் பயிற்சிகளை 2013இல் ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பும் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. இதற்கு எதிர்முனையில் நிற்கிறது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரச் சோதனை. சொத்தை மிகுந்த வட்டாரங்களில் சராசரியாக ஐந்து வயதைத் தாண்டிய 534 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு பள்ளி நாள்தோறும் மேற்பார்வையில் ஃபுளோரைடு பேஸ்ட்டால் விளக்கியது. மேற்பார்த்தவர்கள் பல் மருத்துவர்கள் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்த் தாய்மார்கள். இரண்டே ஆண்டில் அந்தப் பிள்ளைகளின் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்களில் உட்பகுதி வரை சென்ற சொத்தை 56 விழுக்காடு குறைந்தது. 2002இல் வெளியான இந்த முடிவும் இதுபோன்ற பிற சான்றுகளும் ‘சைல்ட்ஸ்மைல்’ என்ற தேசியத் திட்டத்துக்கு வழி வகுத்தன. நர்சரிகளில் நாள்தோறும் பிள்ளைகள் கூட்டமாகப் பல் விளக்கினார்கள். 2003இல் ஸ்காட்லாந்தின் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் சொத்தை இல்லாதவர்கள் 45 விழுக்காடு. 2018இல் 71 விழுக்காடு. இந்த மாற்றத்தில் வேறு காரணங்களும் கலந்திருக்கலாம், ஏழை வட்டாரங்கள் இன்னும் பின்தங்கித்தான் இருக்கின்றன. ஆனாலும் டண்டீச் சோதனை சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்தியது என்பதால், மேற்பார்வையின் பங்கை மறுப்பது கடினம்.

இதைப் பணக்கார நாட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. 2006ஆம் ஆண்டு ஆய்வில் ஆறு வயதுப் பிள்ளைகளில் 97 விழுக்காட்டினருக்குச் சொத்தை என்று கண்ட பிலிப்பைன்ஸ், கைகழுவுவதையும் பல் விளக்குவதையும் ஆண்டுக்கு இரண்டு முறை குடற்புழு மருந்தையும் ஒரே திட்டமாக்கி அரசுப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தியது. ஓட்டையிட்ட குழாயை நீளமாகப் பொருத்தி, பிள்ளைகள் வரிசையாக நின்று விளக்கினார்கள். செட்டிநாட்டுக்கு நெருங்கிய ஊரான சிங்கப்பூரில் 1970களில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் கோப்பையும் பிரஷுமாக வாய்க்கால் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து ஆசிரியர் சொல்லச் சொல்ல விளக்கியது அந்தத் தலைமுறைத் தமிழருக்கும் தெரிந்த நடைமுறை. தமிழ்நாட்டிலும் முன்னோடி உண்டு. 1982இல் விரிந்த சத்துணவுத் திட்டத்தோடு பிள்ளைகளுக்கு இலவசப் பல்பொடியும் தந்தது எம்.ஜி.ஆர். அரசு. சோறு போட்ட அரசு பல்லையும் பார்க்கும் என்ற எண்ணம் அப்போதே இருந்தது. பொருளைக் கொடுத்ததோடு, அதைப் பயன்படுத்தும் ஐந்து நிமிடத்தையும் வளாகத்துக்குள் கொண்டுவருவதே இனி எடுக்க வேண்டிய அடி. 2023இல் தொடங்கிய ‘புன்னகை’ திட்டம் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பரிசோதிக்கிறது. நல்ல காரியம், ஆனால் பரிசோதனை விழுந்த குழியைக் காட்டும், குழி விழாமல் தடுப்பது அதற்கு முந்திய வயதில் நடக்க வேண்டிய வேலை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது, பால் பல் எப்படியும் விழப்போகிறதே என்பது. கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அவை சொத்தையாகி முன்னதாகவே பிடுங்கப்பட்டால் பின்னாலிருக்கும் பல் முன்னே சாய்ந்து, அடுத்து வர வேண்டிய நிரந்தரப் பல்லுக்கு இடம் இல்லாமல் போகும். பல்வலியோடு இருக்கும் பிள்ளை மெல்லாது, தூங்காது, வகுப்பில் கவனிக்காது. இரண்டாவது, ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நம்மிடம் இருக்க, பேஸ்ட் எதற்கு என்பது. இதை எள்ளி ஒதுக்குவது தவறு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்து, இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்கும் தொகுப்பில் நாட்டு மருத்துவ நூல்களும் அடக்கம். அந்த அறிவு மரபுக்கு மதிப்பு உண்டு. நாராக மென்று பதமாகத் தேய்த்தால் குச்சியும் படலத்தை நீக்கும். ஆனால் அது பெரியவர் கைக்குரிய கருவி. இரண்டு வயதுக் குழந்தையின் கடைவாய் உட்பக்கத்தில் குச்சியை நுழைக்க முடியாது, அதில் போதிய ஃபுளோரைடும் கிடையாது. அந்தக் காலத்தில் சொத்தை குறைவு என்றால், குச்சியோடு அன்றைய சாப்பாட்டையும் சேர்த்து எண்ண வேண்டும். பலகாரம் பண்டிகைக்குப் பண்டிகை வந்தது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் தினமும் வருகிறது. இயற்கை என்ற பெயர் மட்டும் காப்பும் ஆகாது: புகையிலை கலந்த பல்பொடிகள் இந்நாட்டில் தாராளமாக விற்றதால்தான் 1992இல் மத்திய அரசு அவற்றைத் தடை செய்ய வேண்டியிருந்தது. கரியும் செங்கல் பொடியும் எனாமலை அராவிவிடும்.

மூன்றாவது எதிர்ப்பு கனமானது: ஃபுளோரைடு நஞ்சு, அதைக் குழந்தை வாயில் வைக்கலாமா? இந்த அச்சத்துக்கு நம் மண்ணிலேயே ஆதாரம் உண்டு. கிணற்று நீரில் மிகுந்த ஃபுளோரைடால் எலும்பு இறுகி முடங்குவதை உலகுக்கு விரிவாக எடுத்துச் சொன்ன முதல் ஆய்வுகளில் ஒன்று, 1937இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தைப் பற்றி வெளிவந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதனால்தான். கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்தில் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் நீரிலிருந்து ஃபுளோரைடை நீக்கும் வழிகளை ஆராய்ந்திருக்கிறது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 1000 பிபிஎம் என்றால் ஒரு கிராம் பேஸ்ட்டில் ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு. அரிசி மணி அளவு பேஸ்ட் சுமார் 0.1 கிராம், அதை முழுக்க விழுங்கினாலும் 0.1 மில்லிகிராம்தான், காலையும் இரவும் சேர்த்து 0.2. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்சம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அந்த உச்சத்தில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர், இரு வேளை அரிசி மணி பேஸ்ட்டைப் போல ஏழு மடங்குக்கு மேல் ஃபுளோரைடை உடலுக்குள் அனுப்பும், அதுவும் துப்பாமல். ஆபத்து பிரஷ் முழுக்கப் பிழிவதிலும், இனிப்பு வாசனைக்காகப் பிள்ளை டியூபை உறிஞ்சுவதிலும் உண்டு. அதற்கு மருந்து, பேஸ்ட்டைப் பெரியவரே வைப்பதும் டியூபை எட்டாத இடத்தில் வைப்பதும். மிகுந்த ஃபுளோரைடு உள்ள தண்ணீர் என்று சோதனையில் தெரிந்த ஊரில் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது முறை. இந்த அச்சமும் கடைசியில் நம் வாதத்துக்கே வந்து சேர்கிறது: பெரியவர் கூட நிற்க வேண்டும்.

நான்காவது, அங்கன்வாடிப் பணியாளர் தலையில் இன்னொரு சுமையா என்பது. நியாயமான கேள்வி. எடை பார்ப்பது, பதிவேடு, கைபேசிச் செயலியில் பதிவேற்றுவது, தடுப்பூசி நாள், கணக்கெடுப்பு என்று அவர்களிடம் ஏற்கனவே நிறைய இருக்கிறது. விடை டண்டீயில் இருக்கிறது: தாய்மார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்மார்களுக்கு அதில் முன்னுரிமை. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ முடிந்து வாய் கழுவ வரும் வரிசை ஏற்கனவே அங்கே நிற்கிறது. அந்த வரிசையில் ஐந்து நிமிடத்தைச் சேர்க்க, உரிய ஊதியத்தோடு ஒருவரைப் பயிற்றுவித்தால் போதும். அங்கன்வாடிகளில் வெல்லம் சேர்த்த சத்துமாவு தின்ற பிறகு விளக்கவைத்தால் ஒட்டும் இனிப்புக்கும் அதே நேரத்தில் விடை கிடைக்கும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள இடத்தில் ஸ்காட்லாந்து நர்சரிகள் செய்ததுபோலக் காய்ந்த பிரஷால் விளக்கிக் காகிதத்தில் துப்பலாம். அலசாமல் விடுவதுதானே நமக்கும் வேண்டும்? தொற்று பரவாமல் இருக்க ஒவ்வொரு பிரஷிலும் பிள்ளையின் பெயர், ஒன்றையொன்று தொடாமல் காற்றாட நிறுத்தும் தாங்கி, பேஸ்ட்டை ஒரு தட்டின் விளிம்பில் பொட்டுப் பொட்டாக வைத்துத் தனித்தனியே தொட்டெடுப்பது ஆகிய மூன்றும் போதும். செலவைக் கணக்கிட்டால், பட்டாணி அளவு பேஸ்ட் கால் கிராம். ஆண்டுக்கு 300 நாள் என்று தாராளமாக வைத்தாலும் ஒரு பிள்ளைக்கு 75 கிராம் பேஸ்ட், மூன்று நான்கு பிரஷ்.

இந்தப் பொருளை யார் தருவது என்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. பேஸ்ட் நிறுவனம் பள்ளிக்கு வந்து பாடம் நடத்தி இலவச டியூப் கொடுப்பது இந்தியாவில் 1976 முதல் நடக்கிறது. அதில் பயன் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு நாள் வகுப்பும் ஒரு டியூபும் பழக்கத்தை உண்டாக்காது, பெயரைத்தான் பதியவைக்கும். அரசு வாங்கும்போது 1000 பிபிஎம் என்ற நிபந்தனையை ஒப்பந்தப்புள்ளியில் எழுதி, பெயரில்லாத டியூபாக வாங்கினால் இந்தச் சிக்கல் தீரும். வீட்டின் வேலையைப் பள்ளி எடுத்துக்கொண்டால் பெற்றோர் கைகழுவிவிட மாட்டார்களா என்றும் கேட்கலாம். டண்டீயில் பிள்ளைகளுக்கு வீட்டுக்கும் பேஸ்ட் கொடுத்தனுப்பினார்கள். பள்ளியில் செய்ததை வீட்டில் தொடரவே அந்த ஏற்பாடு. இங்கே பெற்றோர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, அப்பத்தாவும் ஆயாவும் பிள்ளை வளர்க்கும் வீடுகள் பல. முட்டிவலியோடு இருக்கும் மூத்தவர் மடியில் தலை சாய்த்து இரவு வேளையைப் பார்த்துக்கொள்ள முடியும். கூலி வேலைக்கு விடியற்காலையில் கிளம்பும் தாய் வீட்டில் காலை வேளையைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். பங்கு பிரித்துக்கொள்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது ஆகாது. பல் விளக்கினால் எதையும் தின்னலாம் என்ற முடிவுக்கும் யாரும் வர வேண்டாம். இனிப்பின் தடவையைக் குறைக்காத வீட்டில் பிரஷ் பாதி வேலையைத்தான் செய்யும்.

செட்டிநாட்டார் கல்விக்குக் கொடுத்ததில் பல் மருத்துவமும் உண்டு. அவர்கள் உருவாக்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1980இல் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரி ராஜா முத்தையா பெயரைத் தாங்கியது. கோட்டையூருக்கு அருகே புதுக்கோட்டையிலேயே 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. குழியை அடைக்கும் கைகள் பெருகுகின்றன. குழி விழாமல் தடுக்கும் ஐந்து நிமிடம் இன்னும் யாருடைய கால அட்டவணையிலும் இடம் பெறவில்லை. கோட்டையூரின் அங்கன்வாடிகளிலும் தொடக்கப் பள்ளிகளிலும் அதைச் சேர்த்துப் பார்க்க மாநிலம் தழுவிய திட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டைக் கல்லூரி மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை வந்து ஆறு வயதுப் பிள்ளைகளின் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் நான்கையும் பார்த்துக் குறித்து வைக்கலாம். தொடங்கும் முன் ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும். இன்று மூன்று வயதில் அங்கன்வாடிக்கு வரும் பிள்ளை ஆறு வயதாகும்போது அந்தக் கணக்கு திட்டம் பலித்ததா இல்லையா என்று சொல்லிவிடும். பலிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம், நட்டம் சில ஆயிரம் ரூபாய். பலித்தால் மாவட்டம் முழுவதற்கும் கேட்க, கையில் சொந்த ஊர்க் கணக்கு இருக்கும்.